ரப்பர் தோட்டத்தில் கூப்பிட்ட பெயர்

எனக்குப் பொறாமை அதிகம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் காசுமாலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது கிடையாது. ஆனால் இவர் என்னுடையவர் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவரோடு இன்னொருவர் உரிமை கொண்டாடினால் காதில் புகை வந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு அந்தப் புகையைக் கிளப்பியது ஒரு பெண் அல்ல. நீ சூன் என்கிற ஊர்ப் பக்கத்தில் இருந்த ஓர் ஒற்றையடிப் பாதை.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்துக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை. அலுவலகக் குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வோம். நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பேச்சும் கிடையாது. வேலை விட்டு வந்தால் ‘தண்ணி’. சாப்பிடும்போது ‘உப்பு’. படுக்கும்போது ‘விளக்கு’. வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டிருப்பவரிடம்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் வாங்கலாம். நானோ தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அப்பா வீட்டில் விடிந்ததிலிருந்து யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் தெருவிலிருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். அது அவருடைய சிநேகிதர். அதே துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், கல்யாணம் ஆகாதவர், கத்தோலிக்கர். முதல் பூசையைக் கண்டுவிட்டு, மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்து நிற்பார். சீழ்க்கை கேட்டதும் இவர் சப்பாத்தை மாட்டி, எப்போதும் கூடவே கொண்டுபோகும் குடையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பையனைப்போலப் படியில் தாவி இறங்குவார். இருவரும் பஸ் ஏறி நீ சூன் போவார்கள். இன்றைக்கு ஈசூன் என்று அடுக்குமாடிகள் நிற்கிற பக்கம்தான். அப்போது அங்கே ஒரு சின்னக் கடைத்தெரு, அதைத் தாண்டினால் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். அதற்குள் புகுந்து, ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, பலகைப் பாலத்தைக் கடந்து, கம்பம் என்கிற மலாய்க்காரர்களின் கிராமத்து வழியாக ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி, மறுபடி பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் பிடிப்பார்கள். மீன் பிடிக்கவா? இல்லை. வேட்டைக்கா? இல்லை. சும்மா நடக்க.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வருவதை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தெருமுனையில் நின்று பிரிய மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் கையை ஆட்டுவார், தலையைப் பின்னால் சாய்ப்பார், சிரிப்பார். என் வீட்டுக்காரருக்கு அத்தனை பல் இருப்பதே எனக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது. மேலே வந்ததும் ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்பேன். ‘ம்’ என்பார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இந்த மனிதர் பயப்படுகிறார்போலும் என்று நான் நினைத்திருந்தேன். உதிரத்தான் செய்கிறது, நீ சூனில் உதிர்கிறது. வாரம் முழுவதும் ஆக்கிப்போடுகிறவள் நான், முத்தைப் பொறுக்கிக்கொள்கிறவர் அந்த வெள்ளைச் சட்டைக்காரரா?

பெயர் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற சீனர் என் புருஷன் பெயரைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துணைக்கு வந்திருந்த பக்கத்து அறைக்காரிதான் சொன்னாள். கட்டியவனின் பெயர்கூடத் தெரியாத பெண் போலிருக்கிறது என்று அந்த ஆள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வீட்டில் எப்போதும் ‘என்னங்க’தான். அந்தச் சிநேகிதரோ நடுத்தெருவில் நின்று, இவர் பெயரை முருங்கைக்காய்போலப் பாதியில் ஒடித்து, முன்னால் ஒரு ‘டேய்’ சேர்த்துக் கூப்பிடுவார். எனக்கு இல்லாத சலுகை அவருக்கு.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, “நாளைக்கு நானும் வர்றேன்” என்றேன்.

“எங்க?”

“நீங்க போற எடத்துக்கு.”

“அட்டை கடிக்கும்.”

“கடிக்கட்டும்.”

எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சுகளில் அது நீளமான ஒன்று.

மறுநாள் என்னைப் பார்த்ததும் சிநேகிதரின் சீழ்க்கை பாதியில் நின்றது. ஆனாலும், “வாங்க லா அண்ணி, நல்லாத்தான் இருக்கும்” என்றார். அந்த நல்ல மனசும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. என்னவோ அவர் வீட்டு விசேஷத்துக்கு என்னை அழைத்துப் போகிறவர்போல.

பாதை அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். அழுக்காய், சேறாய், பன்றி நாற்றமாய் இருக்கும், வீட்டுக்கு வந்து அவரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். பன்றி நாற்றம் இருந்தது. ஆனால் அதைத் தாண்டியதும் கீரைப் பாத்திகள் பச்சைப் பசேலென்று இறங்கிக்கொண்டே போயின. பனி விலகாத பள்ளத்தில் ஆறு கிடந்தது. கடை வாசல்களை ஒட்டி ஓடும் சிமெண்டு அஞ்சடியிலேயே நடந்து பழகிய எனக்கு, வெறும் மண்ணில் கால் பதிவது புதிதாக இருந்தது. கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனக் கிழவர் நிமிர்ந்து இவர் பெயரைக் கூப்பிட்டார். பெயரில் ரகரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கூப்பிட்டார். இவர் குஷியாகக் கையை ஆட்டினார்.

பலகைப் பாலத்தில் இவர்தான் முன்னால் போனார். “நடுப் பலகை ஆடும், பாத்து” என்று பின்னால் வந்த சிநேகிதரிடம் சொன்னார். சிநேகிதர் திரும்பி அதை என்னிடம் சொன்னார். எனக்கு வர வேண்டிய எச்சரிக்கைகூட அவர் கை மாறித்தான் வந்தது.

கம்பத்துக்குள் நுழைந்தபோது ஒரு மலாய்ப் பெண்மணியின் குரல் கேட்டது. கால் நட்டுக் கட்டிய பலகை வீடு. அதன் நிழலில் அடுப்புப் போட்டுக் கோப்பியும் பொரித்த வாழைப்பழமும் விற்றுக்கொண்டிருந்தாள். என் அம்மா வயது இருக்கும். அவளும் இவர் பெயரைத்தான் கூப்பிட்டாள். கடைசி எழுத்தை மட்டும் எடுத்து, அதைப் பாட்டாக இழுத்தாள். நாங்கள் உட்காரும் முன்பே கோப்பியைக் கலந்துவிட்டாள். எனக்கும் சிநேகிதருக்கும் சர்க்கரை போட்டாள். இவர் கோப்பையை மட்டும் தனியாக எடுத்து வைத்து, “கோசோங்” என்றாள். அதற்குச் சர்க்கரை இல்லை என்று அர்த்தம்.

நான் இவரைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து காலையும் மாலையும் இவருடைய கோப்பியில் நான் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்குச் சர்க்கரை பிடிக்காதா?”

“ம்.”

“ஏன் சொல்லல?”

“நீ போட்டுக் குடுத்தே. குடிச்சேன்.”

சிநேகிதர் சிரித்துவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது! கிழவருக்கும் தெரிந்திருக்கும், அந்தப் பன்றிகளுக்கும் தெரிந்திருக்கும். வாழைப்பழத்தை அப்படியே வைத்துவிட்டேன். இந்தப் பாதையில் இருக்கிற எல்லாருக்கும் இவரில் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைத்தது மூன்று வார்த்தையும் எச்சில் தட்டும்தான் என்று தோன்றியது. அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்பதால் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்தில் ஏறும்போது வேண்டுமென்றே பின்தங்கினேன். திரும்பிப் பார்ப்பாரா, பார்க்கட்டும் என்று. இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே முன்னால் போனார்கள். செருப்பில் முள் ஏறியதுபோல ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். இப்போது வருவார், இதோ வருவார் என்று இருந்தேன். சிரிப்புச் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்துபோனது. யாரும் வரவில்லை.

எழுந்து கொஞ்சம் நடந்தால் பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசை. வந்த வழி எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. வெயிலில் ரப்பர்க் காய்கள் ‘டப் டப்’ என்று வெடித்தன. கோபமெல்லாம் போய்ப் பயம் வந்தது. வாயைத் திறந்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

“என்னங்க!”

“என்னம்மா?” என்றது ஓர் ஆண் குரல். “யாரும்மா?” என்றது இன்னொன்று.

மரங்களுக்குப் பின்னால் தோட்டத்துத் தமிழர்களின் லயம் இருந்தது; ஒட்டினாற்போல ஒரே கூரையின் கீழ் நீளமாக ஓடும் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். முகத்தில் சவரச் சோப்போடு ஒருவர், கையில் கோழியோடு ஒருவர், சும்மா ஒருவர், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோப்புக்காரருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

“யாரு அது, என் வீட்டுக்காரர ‘என்னங்க’ன்னு கூப்பிடறது?”

நான் ஓரடி பின்வாங்கினேன். அதே சமயம், அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்ததுபோலவும் இருந்தது. அந்தப் புகை எனக்கு நன்றாகத் தெரிந்த புகை.

“ஐயோ அக்கா, நான் என் வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டேன். முன்னால போய்ட்டாரு. வழி தெரியல.”

அவள் கரண்டியை இறக்கினாள். “அடி தாயி, தோட்டத்துல நின்னு ‘என்னங்க’ன்னா எந்த ஆம்பளதான் திரும்பமாட்டான்? பேரச் சொல்லிக் கூப்பிடு.”

“அது எப்படிக்கா?”

“காட்டுல வந்து சாஸ்திரம் பாக்கறியா?” என்றாள். பிறகு என் புடவையையும் செருப்பையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். “டவுனுலேருந்து ஞாயித்துக்கெழம வருவாரே, கொடைக்காரக் கிராணி, அவரு சம்சாரமா நீ? அட, அவரு பேரு எனக்கே தெரியுமே! இரு, நான் கூப்பிடறேன். என் தொண்டைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்.”

கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

கிழவர் கூப்பிட்டார், பொறுத்துக்கொண்டேன். கோப்பிக்காரி பாடினாள், பொறுத்துக்கொண்டேன். என் கண் முன்னால், எனக்காக, இன்னொருத்தி அந்தப் பெயரைக் கூப்பிட, நான் பக்கத்தில் ஊமைபோல நிற்பதா? அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். ஆயுசு, சாஸ்திரம், அம்மா சொன்னது ஒன்றும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

எந்த இடத்தில் ஒடிப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் முழுப் பெயரையும் கூப்பிட்டேன். அவருடைய தாத்தா பெயரும் குலசாமி பெயரும் சேர்த்து வைத்த நீளப் பெயர். அது மரங்களுக்கு நடுவே ஓடி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். லயத்தில் எல்லாரும் மேட்டையே பார்த்தார்கள்.

அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குடை கையில் இல்லை, ஒரு கால் சப்பாத்து அவிழ்ந்து தொங்கியது. பின்னால் சிநேகிதர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

“யாரு கூப்பிட்டது?” என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்தார், சோப்புக்காரரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நான்தான்” என்றேன்.

குனிந்து, அவிழ்ந்த சப்பாத்தைச் சரியாக மாட்டிக்கொண்டார். என் பயமெல்லாம் அவர் கோபித்துக்கொள்வாரோ என்பதுதான். “இவ்வளவு நீளப் பேருன்னு எனக்கே மறந்துபோச்சு” என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே சிநேகிதரிடம், “நீ முன்னால போ லா. நாங்க வர்றோம்” என்றார்.

பெரிய ரோடு வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். முதலில் சர்க்கரையைப் பற்றி. பிறகு அந்த நடுப் பலகை எப்படி ஆட ஆரம்பித்தது என்பதைப் பற்றி, கோப்பிக்காரியின் மகன் கப்பலுக்குப் போனதைப் பற்றி, ஆபீஸில் தன்னைத் திட்டுகிற பெரிய கிராணியைப் பற்றி. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று ‘ம்’ மட்டும் கொட்டினேன். வெள்ளைச் சட்டை முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வப்போது திரும்பிப் பார்த்தது. பாவம் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நானும் போனேன். அறுபதுகளில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டும் போனோம். வீட்டில் எப்போதும்போல ‘என்னங்க’தான். ஆனால் அந்த ரப்பர் மேடு வந்ததும் அவர் நடையைக் கூட்டி, எங்களைவிட்டு முன்னால் போய், கண்ணில் படாமல் மறைந்துவிடுவார். மறைந்து அங்கேயே நிற்பார். நான் கூப்பிட்ட பிறகுதான் வருவார். லயத்து அக்கா அடுப்படியிலிருந்தே, “கூப்பிட்டாச்சா?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

இதை எழுதி முடித்ததும் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மெதுவாகப் படித்தார்.

“எல்லாம் போட்டிருக்கே. என் பேரக் காணோமே?”

“போடமாட்டேன்.”

“ஏன்?”

“போட்டா படிக்கறவங்கல்லாம் கூப்பிடுவாங்க. இத்தன வருஷம் ஊரு கூப்பிட்டது போதும்.”

அவர் காகிதங்களை அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். எங்கள் அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் கடைசி வரைக்கும் நடந்து, மின்தூக்கிப் பக்கம் திரும்பி, என் கண்ணில் படாமல் நின்றுகொண்டார்.