ஜெயபாரதி அக்கா மில்வாக்கியில் வீடு பார்த்தது

ஜெயபாரதி அக்காவுக்கு மில்வாக்கியில் வேலை உறுதியானது 2006 ஆகஸ்டில். ஜனவரி எட்டாம் தேதி அங்கே ஒரு மருத்துவமனையில் சேர வேண்டும். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஐந்து மாதம் பனி கிடக்கும் ஊர் என்பது தெரியும். தனக்குக் கார் ஓட்ட வராது என்பதும் தெரியும். ஷார்ஜாவில் ஏழு முறை டெஸ்டுக்குப் போய் ஏழு முறையும் தோற்றிருந்தார். ஏழாவது முறை, ரவுண்டானாவின் நடுவில் இவர் வண்டியை நிறுத்தியதும், அதிகாரி அரபியில் "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டுத் தானே ஓட்டுநர் பக்கம் வந்து உட்கார்ந்தாராம். அத்துடன் அக்கா அந்த விஷயத்தை விட்டுவிட்டார்.

அவர்கள் வீடு ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்துக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடி. இரண்டு படுக்கையறைகளில் சிறியதை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டு வருடம் பல ஊர்களில் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று முடிவு செய்யாமல் நான் அங்கே ஆறு மாதம் இருந்தேன். அதனால் இந்த வீடு பார்த்த படலம் முழுவதும் என் கண் முன்னால்தான் நடந்தது.

அக்காவின் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பா ரேஷன் கடையில் எடை போடுபவர். மூன்று பெண்களில் இவர் நடு. மதுரையில் நர்ஸிங் படித்து, சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்து, கல்யாணமாகி, மகளும் பிறந்து, 1994இல் துபாய் வந்தார். முதலில் கராமாவில் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட வீட்டில் ஓர் அறை. சில மாதத்திலேயே வாடகை ஏறியதும் ஷார்ஜா. ரோலாவுக்கு வந்த மாதமே, வீட்டிலிருந்து ஒன்பது நிமிட நடையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்று அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். அவர் கணவர் சொல்வார். அமெரிக்க நர்ஸ் பரீட்சையை எழுத மூன்று நாள் லீவு போட்டு லண்டனுக்குப் பறந்து போய்வந்தார். லண்டனில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்" என்றார்.

கணவர் அனந்தகிருஷ்ணன் திருச்சிக்காரர். துபாயில் ஏசி குழாய் வேலை செய்யும் கம்பெனியில் எஸ்டிமேட்டர். கட்டட வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு தகடு தேவைப்படும் என்று கணக்கிடுவது தொழில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவார். ஆனால் ரோலாவுக்குக் குடிவந்ததைத் தன் வாழ்க்கையின் சிறந்த முடிவு என்றே நினைத்தார். "எல்லையைத் தாண்டினா வாடகை பாதி. இது தெரியாம கராமாவுல கிடக்கிறான் பாருங்க" என்பார்.

திட்டம் இதுதான். அக்கா ஜனவரியில் தனியாகப் போவார். மகள் அனன்யா ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையை முடித்ததும், ஏப்ரலில் அப்பாவும் மகளும் போவார்கள். அதற்குள் அங்கே ஒரு வீடு வேண்டும். போய் இறங்கியதும் ஒரு வாரம் தங்க மருத்துவமனையே இடம் கொடுக்கும். அதன் பிறகு அவர் பாடு. ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதில் மூன்று முறை தாமதமானால் வேலை இல்லை. அந்த வரியை அக்கா பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார்.

வீடு தேடும் பொறுப்பை அனந்தகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கீழே கௌஸ் முகைதீனின் டைப்பிங் சென்டருக்குப் போய் இணையத்தில் உட்காருவார். அங்கே பிரிண்ட் எடுப்பதும் எளிது, ஃபேக்ஸும் உண்டு. மில்வாக்கியைச் சுற்றி ஒன்பது புறநகர்களுக்குத் தனித்தனி கோப்பு போட்டார். வாடகை, பள்ளி, பஸ். ஏரியை ஒட்டிய இடங்கள் வாடகையால் விழுந்தன. பள்ளி நன்றாக இருந்த இரண்டு இடங்களில் பஸ்ஸே கிடையாது. கடைசியில் எல்ம் ரிட்ஜ் என்ற இடம் நின்றது. நகர எல்லைக்கு அந்தப் பக்கம். வாடகை பாதி.

"அமெரிக்காவுலயும் உங்களுக்கு ஒரு ஷார்ஜா கிடைச்சிருச்சு போல" என்றார் கௌஸ் முகைதீன்.

"சிரிங்க பாய். ரெண்டு பெட்ரூம். வெள்ளிக்கிழமைகூட விடிகாலையிலேர்ந்து பஸ் ஓடுது. நம்ம ரோலாவுல ஓடுதா?"

"வெள்ளிக்கிழமை பஸ் ஓடினா ஜும்ஆ தொழுகைக்கு டிரைவர் எப்படிப் போவான்?"

"அங்க போறவங்க கம்மி."

அந்தக் குடியிருப்பின் அலுவலகத்துக்கு அவர் போன் செய்தபோது நானும் ஹாலில் இருந்தேன். மேற்கு வெயில் விழாத வீடுதான் வேண்டும், வடக்குப் பார்த்தது இருந்தால் உத்தமம் என்றார். மறுமுனையில் இருந்த பெண் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். வடக்குப் பார்த்த வீடு நிறைய காலி இருக்கிறது என்றாள். போனை வைத்துவிட்டு, "நம்ம நேரம்" என்றார். அனன்யா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, அங்க ஒய்ல் யூ ஆர் அவாய்டிங் த சன், எல்லாரும் சன்னைத் தேடிட்டு இருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"மே மாசம் வரும்ல? அப்பத் தெரியும்."

வாடகை ஒப்பந்தம் நவம்பர் கடைசியில் வந்தது. வேலை அக்காவுக்கு என்பதால் கையெழுத்தும் அக்காதான் போட வேண்டும். வியாழக்கிழமை ஃபேக்ஸ் அனுப்புவதாகப் பேச்சு. புதன்கிழமை மாலை, ட்யூட்டி முடிந்து வந்து, குளித்து, ஈரத்தலையுடன் அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் செக் பண்ணணும். வா."

மருத்துவமனையில் சில மருந்துகளை ஒரு நர்ஸ் தனியாகக் கொடுக்கக் கூடாது. ஒருவர் சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் கையிலுள்ள குப்பியைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அக்கா கையெழுத்துப் போடும் எல்லாக் காகிதத்துக்கும் இந்த வழக்கம்தான். மின் இணைப்பு விண்ணப்பத்துக்குக்கூட என்னை எதிரில் உட்கார வைத்தவர் அவர். இந்த முறை அவர் கையில் மருத்துவமனை அனுப்பியிருந்த மாதிரி ட்யூட்டி அட்டவணை. என் கையில் அனந்தகிருஷ்ணன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பஸ் நேரம்.

"திங்கள். காலை ஏழு மணி."

"அஞ்சு அம்பத்தி ரெண்டு பஸ். ஆறு முப்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசல்."

"சரி. செவ்வாய். காலை ஏழு."

"அதே பஸ்."

"சரி. புதன், வியாழன், வெள்ளி ஆஃப். சனி, காலை ஏழு."

"சனிக்கு வேற தாள். ஆறு மணி பஸ். ஆறு நாப்பத்தாறு."

"ஓட்டமா ஓடணும். சரி. ஞாயிறு, காலை ஏழு."

ஞாயிறுக்கும் ஒரு தாள் இருந்தது. அதில் ஊர் பஸ்கள் எல்லாவற்றின் எண்களும் இருந்தன. எங்கள் எண்ணுக்கு எதிரில் நேரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது.

"இல்லை அக்கா."

"இல்லைன்னா?"

"ஞாயித்துக்கிழமை இந்த பஸ் ஓடாது."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அட்டவணையைப் பார்த்தார். நான்கு வாரத்தில் இரண்டு ஞாயிறு ட்யூட்டி. தொண்ணூறு நாளில் ஆறோ ஏழோ வரும்.

அனந்தகிருஷ்ணன் சமையலறையிலிருந்து வந்தார். "ஞாயித்துக்கிழமை எப்படி பஸ் இல்லாம இருக்கும்? வாரத்தோட ரெண்டாவது நாள். ஊர்ல எல்லாரும் வேலைக்குப் போவானே."

அவரே மேசைக்கு வந்து தாளை எடுத்தார். பன்னிரண்டு வருடமாக அவருக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கி வியாழன் முடிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நாள் என்றால் வெள்ளி. அந்த ஊரின் பஸ்ஸை ஆராயும்போது எந்த நாள் சந்தேகத்துக்குரியதோ அந்த நாளை நன்றாகப் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை முழு சேவை இருந்ததும் திருப்தியாகித் தேடலை நிறுத்திவிட்டார்.

"அப்பா, அங்க சண்டேதான் ஹாலிடே" என்றாள் அனன்யா. "உங்க வெள்ளிக்கிழமை அங்க சும்மா ஒரு நாள்."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு வேறு வழிகளைச் சொல்லத் தொடங்கினார். டாக்சி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் இருந்து வரும் மலையாளி நர்ஸ் யாராவது நிச்சயம் இருப்பாள், மாதம் இவ்வளவு என்று பேசி அவள் காரில் லிஃப்ட் போட்டுக்கொள்ளலாம்.

"யாருன்னே தெரியாத மலையாளிய நம்பி நான் ஜனவரி பனியில ரோட்டுல நிக்கணுமா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை ட்யூட்டி வேணாம்னு கேளு. வெள்ளிக்கிழமை பார்க்கறேன்னு சொல்லு. அவனுக்கும் லாபம்தானே."

"இங்க பன்னெண்டு வருஷத்துல எந்தப் பெருநாளுக்கும் ட்யூட்டி வேணாம்னு நான் கேட்டதில்ல. சேர்றதுக்கு முன்னாடியே போய்க் கேக்கறதா?"

அக்கா ஒப்பந்தத்தை மடித்து உறையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. அனன்யாவிடம் காம்பஸ் கேட்டார். மில்வாக்கி வரைபடத்தில் மருத்துவமனை மேல் ஊசியைக் குத்தி ஒரு வட்டம் போட்டார். இருபது நிமிடம் நடக்கும் தூரம். "பனியில அரை மணி நேரம்னு வச்சுக்கலாம்" என்றார்.

வட்டத்துக்குள் பழைய வீடுகள் நிறைந்த பகுதி. அனந்தகிருஷ்ணனின் ஒன்பது கோப்புகளில் அது இல்லை. நகரத்துக்குள்ளேயே இருந்ததால் அதை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்த வாடகைக்கு அங்கே கிடைத்தது ஒரே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மாடியில். இரண்டு நாள் கழித்து அக்காவே டைப்பிங் சென்டருக்குப் போய் அதைக் கண்டுபிடித்தார்.

"ஒரு ரூம். நாங்க வந்தா எங்க படுக்கறது?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"நீங்க ஏப்ரல்ல வர்றீங்க. நான் ஜனவரியில போறேன்."

"மூணு மாசத்துக்காக ஒரு வீடு, அப்புறம் ஒரு வீடா? யாராவது ரெண்டு தடவை குடிபோவாங்களா?"

"அந்த மூணு மாசம் தாண்டினாத்தாங்க நீங்க வர்றதுக்கே வழி."

அவர் பால்கனிக்குப் போய், காய்ந்திருந்த துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்தார். அது அவர் வேலை இல்லை. அக்கா அவரைக் கூப்பிடவும் இல்லை. மறுநாள் காலை, ஷூ மாட்டும்போது, அனந்தகிருஷ்ணன் அந்த வீட்டுக்காரரின் போன் நம்பரைக் கேட்டார்.

சாயங்காலம் அவர்தான் பேசினார். ஆங்கிலத்தில், எஸ்டிமேட்டுக்குக் கேட்பது போல ஒவ்வொரு கேள்வியாக. வாசலிலிருந்து தெரு வரை பனியை யார் அள்ளுவார்கள்? எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமையும் அள்ளுவார்களா? நடைபாதை ஆஸ்பத்திரி வரைக்கும் தொடர்ந்து இருக்கிறதா, நடுவில் எங்காவது அறுந்துபோகிறதா? விளக்கு இருக்கிறதா? வீட்டுக்காரர் ஒரு கிழவர். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஞாயிறு காலை மட்டும், சர்ச்சுக்குக் கிளம்பும் முன், ஏழரைக்குத்தான் அள்ளுவதாகச் சொன்னார்.

"மை ஒய்ஃப் லீவ்ஸ் அட் சிக்ஸ்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

அப்படியானால் அவர் மனைவியே அள்ளிக்கொள்ள வேண்டும், மண்வெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கும் என்றார் கிழவர்.

அனந்தகிருஷ்ணன் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். அடுத்த நாள் அந்த ஒப்பந்தம் ஃபேக்ஸில் போனது. எல்ம் ரிட்ஜ் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு அவர்தான் ஒரு கடிதமும் அனுப்பினார்.

அக்கா போன பிறகும் பிப்ரவரி முடியும் வரை நான் அந்த வீட்டில் இருந்தேன். பயிற்சி நாட்கள் முடிந்து அவருடைய முதல் ஞாயிறு ட்யூட்டி பிப்ரவரியில் வந்தது. எங்களுக்குத் திங்கள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. அங்கே ஞாயிறு இரவு எட்டு. அனந்தகிருஷ்ணன் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

முந்தின ராத்திரி முழுக்கப் பனி கொட்டியதாம். முழங்கால் வரை. படியிலிருந்து தெரு வரை அக்கா அள்ளினார். நடைபாதையே தெரியவில்லை என்பதால், பனி தள்ளும் வண்டி போன தடத்தில் நடு ரோட்டில் நடந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆறு ஐம்பதுக்கு வார்டில் இருந்தார்.

"கார் வச்சிருக்கிற நாலு பேரு வரல" என்றார் அக்கா. "அஞ்சு பேஷன்ட் பாக்க வேண்டிய இடத்துல எட்டுப் பேரப் பார்த்தேன்."

"ராத்திரி ட்யூட்டிக்காரங்க?"

"மத்தியானம் வரைக்கும் அவங்களையும் போக விடல. இன்சார்ஜ் நர்ஸ் வந்து என் பேர எப்படிச் சொல்றதுன்னு கேட்டுக்கிட்டுப் போச்சு."

அனந்தகிருஷ்ணன் போனருகே குனிந்தார். "கையெல்லாம் எப்படி இருக்கு?"

"அள்ளினதுல வலிக்குது. வேற ஒண்ணுமில்ல. நீங்க பஸ்ஸுக்குப் போங்க, நேரமாச்சு."

"எட்டுப் பேருக்கு எக்ஸ்ட்ரா சம்பளம் உண்டா?"

"சாப்பிட்டுத் தூங்கணுங்க" என்று அக்கா போனை வைத்தார்.