ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

பௌதிக இரசாயனக் கணக்கில் நான் கெட்டிக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. தலைவலிக்காரி தலைவலி என்று சொல்வதுபோலத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் கணக்குத் தாள் கொடுத்தால் அன்று மாலையே விடுதியில் என் கட்டிலைச் சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி என் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டே, "எங்கையப்பா படிச்சனீங்கள்?" என்று கேட்டாள். கொடகவெலப் பக்கம் என்றேன். "அது நுவரெலியாவிலையோ?" என்றாள். தோட்டம் என்றால் நுவரெலியா என்பது அவளுடைய பூமி சாத்திரம். இல்லை, இரத்தினபுரி மாவட்டம், தேயிலை இல்லை, ரப்பர் என்று விளக்கினேன். அதற்குள் அவள் அடுத்த கணக்கை எழுதத் தொடங்கியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க உயர்தர வகுப்பு இல்லை. டவுனில் சிங்கள டியூஷன் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை வீட்டில் தமிழில் எழுதினேன். பரீட்சையையும் தமிழில்தான் எழுதினேன். அப்படிப் படித்தவளுக்குக் கணக்கு என்பது மூன்றே விஷயம். என்ன தந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வாயுவை இலட்சிய வாயு எனக் கொள்க. வெப்பம் வெளியேறவில்லை எனக் கொள்க. உலகத்தில் தொல்லை தருகிற எல்லாவற்றையும் கேள்வி போட்டவர் இரண்டு சொல்லில் ஒதுக்கிவிடுவார். வாழ்க்கையிலும் அப்படி யாராவது ஒதுக்கித் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த வயதில் நினைத்திருக்கிறேன். முட்டாள்தனம்.

மூன்றாம் வருட விடுமுறைக்குச் சில நாள் முன்னால் அம்மா ஃபோன் எடுத்தார். "அப்பாவ வேலையில இருந்து நிப்பாட்டப் போறாங்களாம் புள்ள. பால்ல தண்ணி கலந்தாருன்னு சொல்றாங்க." தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொன்னீர்களா என்றேன். அவர் ஃபோனை எடுக்கவில்லையாம். சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டுகிற நாளில் மட்டும் அவருடைய ஃபோன் நன்றாக வேலை செய்யும்.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரை ரப்பர் பால் வெட்டப் போகவிடவில்லை. அடுத்த வாரம் விசாரணை. நான் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். "இருவத்தேழு வருசமா பால் வெட்டுறவரு. அவரு அப்பிடி செய்வாரா?" அப்பா வாயே திறக்கவில்லை. அவமானத்தில் பேசவில்லை என்று நினைத்தேன்.

குற்றச்சாட்டு இதுதான். ஒவ்வொருவரும் வெட்டின பாலை வாளியில் கொண்டுவந்து, அளக்கும் கொட்டகையான மடுவத்தில் வைக்க வேண்டும். மடுவத்தில் இருப்பவர் அதில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விடுவார். மெட்ரொலக் என்பார்கள். பாலில் நூற்றுக்கு எவ்வளவு ரப்பர் என்று அது காட்டும். பிறகு சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பால் எடுத்து, ஆளின் நம்பரை ஒட்டி ஸ்டோருக்கு அனுப்புவார். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் பெக்டரி. அங்கே அந்தப் பாலை உறைய வைத்து, காய வைத்து, நிறுத்துப் பார்ப்பார்கள். இரண்டு எண்ணும் ஒத்துவர வேண்டும். அப்பாவுடைய வாளியில் குழல் முப்பத்துமூன்று காட்டியது. ஸ்டோரில் காய்ந்த ரப்பர் முப்பத்தொன்றரை. ஒரு நாள் இல்லை, இந்தப் போத்தல் சோதனை தொடங்கியதில் இருந்து வாரக்கணக்காக.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாலில் ரப்பர் போக மீதி இருக்கும் நீர் வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் பாரம். குழலை அந்த நீருக்குத்தான் செய்திருக்கிறார்கள். பைப் தண்ணீரைக் கலந்தால் குழல் ஏமாந்து, உள்ளதைவிடக் கூடுதலாக ரப்பரைக் காட்டும். காய்ந்த ரப்பர் ஏமாறாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஸ்டோருக்குப் பொறுப்பான ஸ்டோர் ஐயா பிடித்தார். ஆனால் இதே வித்தியாசத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். வாளியில் தண்ணீரே இல்லாமல், கழுவின போத்தலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தங்கியிருந்தாலும் எண் இப்படித்தான் வரும். எது உண்மை என்று முடிவு செய்ய ஒரே ஒரு தரவு தேவை. அப்பாவின் மரங்கள் உண்மையில் என்ன பால் தருகின்றன? முப்பத்துமூன்று என்றால் அப்பா நிரபராதி. அதைவிடக் கூட என்றால் வாளியில் தண்ணீர்.

இத்தனை வருடம் கணக்குப் போட்டதன் பலன் கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற வெறி. அடுத்த நாள் விடிந்ததும் அப்பாவின் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் இருந்த அவருடைய மரங்களுக்குப் போனேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, வரவும் இல்லை. சிரட்டையில் விழுந்த பாலைப் போத்தலில் அடைத்துக்கொண்டு பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு நடந்தேன். அங்கே மாணிக்கக் கல் வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார். கல் நிறுக்கிற சின்னத் தராசு அவரிடம் உண்டு. "இது என்ன கல்லு நங்கி?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டுச் சிரித்தார். ஐம்பது கரட் பால் நிறுத்தேன். விகிதம்தானே, கரட்டில் நிறுத்தாலும் கிராமில் நிறுத்தாலும் ஒன்றுதான். வீட்டில் வினாகிரி விட்டு உறைய வைத்து, போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, அடுப்புக்கு மேலே மூன்று நாள் தொங்க விட்டேன். திரும்பக் கொண்டுபோய் நிறுத்தேன்.

பதினேழரைக் கரட். நூற்றுக்கு முப்பத்தைந்து.

கெம்பஸ் ஆய்வுகூடத்தில்கூட எனக்கு அவ்வளவு சுத்தமான விடை வந்ததில்லை. முப்பத்தைந்தில் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் குழல் எவ்வளவு காட்டும் என்று போட்டுப் பார்த்தேன். முப்பத்துமூன்று. காய்ந்தால் முப்பத்தொன்றரை. எல்லாம் பொருந்தியது. கணக்கு பொருந்தினால் எனக்குச் சந்தோஷம் வருவது வழக்கம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா பைப்படிக்குப் போன நேரம் பார்த்து அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மரமெல்லாம் கெழடாயிருச்சி புள்ள. பட்டையில வெட்ட எடமே இல்ல. லீட்டர் பத்தாட்டி அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான் போடுறாங்க. நாள் முழுக்க வெட்டிட்டு அரைப்பேரு. ஒரு போத்தல் தண்ணி. அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா?"

"நீ கெம்பஸ் போனதுக்கு அப்புறம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்தின் மேல் வந்தது என்று எழுத ஆசைதான். அப்பாவின் மேல்தான் வந்தது. தண்ணீர் கலந்ததற்காக இல்லை. என்னைச் சிரட்டையோடும் தராசோடும் மூன்று நாள் அலைய விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாரே, அதற்காக. அதைவிட அந்தக் கடைசி வாக்கியத்துக்காக. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததற்கெல்லாம் அந்தப் பதிலை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முதல் நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். சமன்பாடுகள் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். ரப்பரின் அடர்த்தி, நீரின் அடர்த்தி, கலவையின் கனவளவு என்று வரிசையாக. அப்பழுக்கில்லாத வேலை. அதன் நடுவில் ஒரே ஒரு வரி: ஆற்றோரம் ஈரமான நிலம் என்பதால் அந்த மரங்களின் பால் இயல்பாகவே முப்பத்துமூன்று எனக் கொள்க. அந்த வரியை மட்டும் ஏற்றுக்கொண்டால் மற்ற எல்லாம் உண்மை. முப்பத்துமூன்று முப்பத்தொன்றரை ஆவதற்கு நூறு மில்லிலீட்டர் போத்தலில் ஐந்து மில்லிலீட்டர் தண்ணீர் போதும். ஆகவே தண்ணீர் வாளியில் இல்லை, போத்தலில் என்று முடித்தேன். பதினேழரைக் கரட் ரப்பர்த் துண்டை அடுப்பில் போட்டேன். ரப்பர் எரிகிற நாற்றம் லயம் முழுவதும் போனது.

ஸ்டோர் ஐயா அந்தத் தாளை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். அவரும் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவராம், ஒரு பாடத்தில் தவறிவிட்டதாம். "இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கை நான் பார்த்து எத்தனை வருஷம்" என்று சிங்களத்தில் சொன்னார். நான் எடுத்துக்கொண்ட அந்த வரியிலும் அவருடைய விரல் பட்டது. பட்டு, அடுத்த வரிக்குப் போனது. புத்தகத்தில் பழைய எண்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் முப்பத்துமூன்று. எப்படி இல்லாமல் இருக்கும்? அப்பா எல்லா நாளும்தானே ஊற்றினார். "ஹரி, துவ" என்றார். சரி மகளே என்று சொல்கிற அந்தக் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது.

அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எங்கள் லயத்துப் பிள்ளை கணக்குப் போட்டே தோட்டத்துத் துரையை மடக்கிவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. எங்கள் ஆட்களுக்கு ஜெயிப்பது அவ்வளவு அபூர்வம். என்ன ஜெயித்தோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் போத்தல்களைக் கழுவுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். இரண்டாம் பக்கம் எழுதும்போதே தோன்றியது. மடுவத்தில் பால் அளந்து, போத்தல் கழுவி, நம்பர் ஒட்டுகிற மாமா எங்கள் லயத்தின் கடைசி அறையான கடைசிக் காம்பராக்காரர். டிரக்டர் சாய்ந்து கால் முறிந்ததால் அவருக்குக் கொடுத்த உட்கார்ந்த வேலை அது. கணக்கில் ஐந்து மில்லிலீட்டர் என்று எழுதினால் போதும், அதை விட்டுவைத்த கை யாருடையது என்று கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. தோட்டத்தார் கேட்டார்கள். ஒரு வாரத்தில் அவரை மடுவத்திலிருந்து எடுத்து, மேல்மலையில் புல் வெட்டப் போட்டார்கள். முறிந்த காலோடு அந்தச் சரிவில்.

நான் கெம்பஸ் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் வந்தார். பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம், கால் எல்லாம் சேறு என்று படியில் உட்கார்ந்தார். அப்பா எழுந்து அடுக்களைப் பக்கமாக வெளியே போய்விட்டார்.

"ஒங்கப்பாவுக்கு போட்டு குடுத்த மாதிரி எனக்கும் ஒரு கணக்கு போட்டு குடு மகள்" என்றார்.

"என்னா கணக்கு மாமா?"

"நான் போத்தல கழுவி கவுத்துத்தான் வைப்பேன். ஆணி அடிச்ச பலகையில, ஒவ்வொண்ணா. தண்ணி ஒட்டாம வடிஞ்சிரும். அப்ப அந்தத் தண்ணி எங்க இருந்து வந்திருக்கும்? நீ போட்டா கண்டுபிடிச்சிருவ. ஒன் கணக்க ஐயா நம்புறாரு."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பியிருப்பேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவும் மடித்த கொப்பித் தாளும் எடுத்து என் பக்கம் நீட்டினார். புதுத் தாள். எனக்காகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

நான் வாங்கவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது படியில் உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு கணக்கு இல்ல மாமா" என்றேன்.

அவர் தாளைத் திரும்ப நாலாக மடித்துப் பையில் வைத்தார். சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"நீயே இல்லன்னா அப்ப இல்லதான்" என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். "நான் ஒன்ன கொற சொல்ல வரல்ல மகள். கணக்கு பொய் சொல்லாதுதானே. நான்தான் ஞாபகமில்லாம போத்தல நிமித்தி வச்சிருப்பேன். வயசாயிருச்சி. அப்பிடித்தான் நடந்திருக்கும், இல்ல?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.