சிலுவைதாசன் மைதானத்தின் புதிய பெயர்

எபிசனுக்கு மைக் செட்டுத் தொழில். மண்டைக்காட்டுக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர்களில் கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அவனைப் பந்தாட்டத்து எபிசன் என்றால்தான் தெரியும். கடலொளி கால்பந்துக் கழகம் கிறிஸ்துமஸ் கழிந்து நடத்துகிற போட்டிகளுக்கு இருபத்தைந்து வருடமாக வர்ணனை சொன்னவன் அவன். மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவர்கள்கூட ஆட்டத்தைப் பார்க்கப் பாதி, அவன் பேச்சைக் கேட்கப் பாதி என்று வருவார்கள்.

மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை, அதாவது கதம்பலை, அழுகப்போடும் குழிகள். மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பக்கம் போக முடியாது. அதை மண் அடித்து மேடாக்கலாம் என்று முதலில் சொன்னவன் எபிசனின் அண்ணன் சிலுவைதாசன். விசைப்படகில் கொச்சிக்குப் போய் வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறுவான். மற்றவர்கள் தூங்குகிற அந்த இரண்டு மூன்று நாட்களிலும் அவன் டிராக்டர் பேசிச் செம்மண் கொண்டுவந்து கொட்டினான். 1997 மே மாதம் ஒரு சனிக்கிழமை, மண்ணோடு வந்த டிராக்டரின் பெட்டி குழி ஓரத்தில் சரிந்தது. பின்னால் நின்று ஓட்டுநருக்குக் கை காட்டிக்கொண்டிருந்த சிலுவைதாசன் அதன் அடியில் போய்விட்டான். வயது முப்பது. மனைவி இசபெலுக்கு இருபத்து நான்கு. இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை.

மிச்சக் குழிகளை ஊர் சேர்ந்து நிரப்பியது. சாலையோரம் சிமெண்டுத் தூண் நாட்டி, சிலுவைதாசன் நினைவு மைதானம் என்று எழுதினார்கள். இசபெல் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீன் விற்று மகளை நர்சிங் படிக்கவைத்தாள். மகள் இப்போது குவைத்தில். இசபெலின் வீடு மைதானத்துக்கு எதிரே, சாலை கடந்து மூன்றாவது. ஒரு ஆட்டத்தையும் அவள் வந்து பார்த்ததில்லை. ஆனால் போட்டி நாட்களில் ஜன்னலைத் திறந்துவைப்பாள். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குமுன் எபிசன் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் எல்லோரையும் வரவேற்பான்.

2022இல் கத்தாரிலிருந்து திரும்பிய லிஜோ கழகத்தின் செயலாளர் ஆனான். வெண்சங்கு ஹோம்ஸ் என்று அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு கம்பெனியை அவன்தான் பிடித்து வந்தான்.

“ஒரு பக்கம் கேலரி கட்டித் தருவாவ. விளக்கு போடுவாவ. பத்து வருசத்துக்கு மைதானத்துக்கு அவங்க பேரு. அவ்வளவுதான் எபிசண்ணே.”

“அண்ணனுக்க பேரு?”

“அது எங்க போவும்? மெயின் கேட்டுக்கு அவருக்க பேரு வைப்போம். நான் பொறுப்பு.”

“மைனிக்கிட்ட கேக்கணும்.”

“கேட்டுச் சொல்லுங்க. உங்க வீட்டுல சரின்னா ஊருல ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.” போகிறபோக்கில் லிஜோ இன்னொன்றும் சொன்னான். புது ஒலிபெருக்கி ஏற்பாடு முழுக்க எபிசனுக்கே கிடைக்குமாம்.

அதற்காக இல்லை என்று எபிசன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். மறுநாள் அண்ணி இசபெலின் வீட்டுக்குப் போகவும் செய்தான். அவள் மீன் கழுவிய சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் வெயில் எப்படி, மகள் போன் பேசினாளா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று, “வீட்டுல எல்லாருக்கும் சம்மதமாக்கும்” என்றான். கை தட்டினார்கள்.

தூணை ஜேசிபி வைத்து இடித்தபோது இசபெல் சாலைக்கு வந்து கேட்டாள். “பெரிசாக் கட்டப் போறாவ மைனி” என்றான் எபிசன். அவள் நம்பினாள். அவன் சொல்லி அவள் நம்பாமல் இருந்ததில்லை.

ஜனவரியில் போட்டி தொடங்கியது. நுழைவாயிலில் விளக்கு எரியும் வளைவு, மேலே ‘வெண்சங்கு ஹோம்ஸ் அரினா’. கம்பெனி ஆள் எபிசன் கையில் ஒரு தாளைக் கொடுத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும். பழைய பெயரைத் தவிர்க்க வேண்டும். எபிசன் தாளை இரண்டு முறை படித்தான். பிறகு மைக்கை எடுத்து, “வெண்சங்கு ஹோம்ஸ் அரினாவுக்கு உங்கள் அனைவரையும் வரவேற்கிறோம்” என்றான்.

முதல் பாதி முடிவதற்குள் இசபெல் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்புறம் வந்து நின்றாள். அந்த இடத்தில் அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. வளைவைப் பார்த்தாள். மேடையில் மைக்கோடு இருந்தவனைப் பார்த்தாள். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“எபிசா, எனக்கிட்ட எப்பம் கேட்ட?”

“கேக்கல்ல மைனி.”

“பின்ன நான் சம்மதிச்சேன்னு லிஜோ சொல்லுதானே. அவனுக்கு யாரு சொன்னது?”

“நானாக்கும். கேலரி வரும், லைட் வரும். அண்ணன் இருந்தா அவனே சரின்னு சொல்லியிருப்பான்” என்றான்.

“இருந்தா சொல்லியிருப்பாரு. இருந்தா அவருக்க பேரு அங்க வந்திருக்காதே.” அவள் குரல் உயரவில்லை. “அவரு செத்ததுக்கு இந்த ஊரு எனக்குத் தந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதை நீ கொண்டு குடுத்திட்ட.”

அரையிறுதி அன்று எபிசன் ஆட்டத்துக்கு நடுவே, “இந்த மைதானத்துக்கு மண் அடிச்சு, இங்கேயே உயிர்விட்ட சிலுவைதாசனை நினைக்கிறோம்” என்று சொல்லிவிட்டான். கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் கை தட்டினார்கள். கம்பெனி ஆள் போனில் அதைப் பதிவு செய்துகொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் லிஜோ வந்தான். “எக்ரிமெண்டுல உள்ளதை நான் மாத்த முடியுமா அண்ணே? நாளைக்கு நீங்க வரண்டாம்.”

இறுதியாட்டத்துக்குப் பாறசாலையிலிருந்து ஒருவன் வந்து வர்ணனை சொன்னான். நன்றாகவே சொன்னான்.

கேலரிக்கு நான்கு தூண் குழி மட்டும் தோண்டினார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது கம்பெனி. மெயின் கேட்டிலும் இடமில்லையாம், கம்பெனியின் வளைவு இருக்கிறதல்லவா. ஆனாலும் லிஜோ சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்தான். மார்ச் மாதம் மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு தகரப் பலகை வந்தது: ‘சிலுவைதாசன் நினைவு இருசக்கர வாகன நிறுத்தம்.’

இசபெல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். என் கணவர் பெயரை அந்தப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும், இனி எங்கேயும் வைக்க வேண்டாம். இரண்டே வரிதான். லிஜோவுக்கு வருத்தம். மரியாதை செய்ததற்கு இப்படியா என்று பலரிடம் சொன்னான். ஆனால் பலகையைக் கழற்ற ஆள் அனுப்பவில்லை.

எபிசனே ஸ்பானரோடு போனான். பைக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டு, துருப்பிடிக்காத புது போல்ட்டுகளைக் கழற்றினான். பலகையை இசபெலின் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“இங்க எதுக்கு? உனக்க வீட்டுல வை” என்றாள்.

மே மாதம் சிலுவைதாசனுக்கு ஆண்டு நினைவுப் பூசை. பூசை தொடங்குமுன் இன்னாருடைய ஆன்மாவுக்காக என்று கோயில் மைக்கில் வாசிப்பது எபிசனின் வழக்கம். அன்று அவன் போய் மைக் அருகே நின்றபோது, பூசைக்குச் சாமியாருக்கு உதவியாக நிற்கும் உபதேசியார் தயங்கினார். இசபெல் முந்தின நாளே வந்து, அவரே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போயிருந்தாள். எபிசன் இறங்கிக் கடைசி வரிசைக்குப் போனான். உபதேசியாருக்கு வாய் திருத்தமில்லை. சிலுவைதாசன் என்ற பெயரின் பாதி இருமலில் போயிற்று.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் இசபெல் எல்லோருக்கும் அப்பமும் கறியும் கொடுத்தாள். எபிசனுக்கு முன்னால் அடுத்த ஊர்க்காரர் ஒருவர், அவளுக்கு அறிமுகமில்லாதவர், நின்றார். “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள் அவரிடம். அடுத்து எபிசன் கையில் இலையைக் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னாள், அதே மரியாதையோடு.