யூடோராவின் நடுக்கம்பம்

டோக்கோ கடலோரத்தில் துணி வெளுத்துப் பிழைத்த யூடோரா கட்டிய ஜெபவீட்டை, போலீஸ் மூன்றாவது முறையாக இடிக்க வந்தது. மணியடித்து, சத்தமாகக் கூவி ஜெபிக்கும் அவளுடைய சபைக்கு டிரினிடாட் தீவின் சட்டம் அந்தக் காலத்தில் தடை விதித்திருந்தது. இடிக்க வந்த ஏட்டு கிளிஃப்டன், யூடோராவின் கூடப்பிறந்த தங்கை மகன்.

மூங்கில் சுவரும் ஓலைக்கூரையும் நிமிஷத்தில் சரிந்தன. நடுக்கம்பம் மட்டும் நின்றது. அதைச் சுற்றித்தான் சபையார் மணியடிப்பார்கள். அது நிற்கும்வரை கோயிலும் நிற்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

“பெரியம்மா, தள்ளுங்க. அதையும் வெட்டணும். மேலிடத்து உத்தரவு.”

“உத்தரவுல என்ன போட்டிருக்கு? படி.”

“கட்டடத்தை இடிக்கணும்னு...”

“அப்ப கண்ணத் தொறந்து மேல பாருடா!”

கிளிஃப்டன் நிமிர்ந்தான். இரண்டு கம்பங்களைப் பறிகொடுத்த யூடோரா, இந்த முறை வேலிக்கு வெட்டி நடும் பச்சைக் கிளைப் போத்தை நட்டிருந்தாள். ஜெபத்தின்போது கம்பத்தடியில் ஊற்றும் சொம்புத் தண்ணீரில் அது வேர்பிடித்து, உச்சியில் கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டிருந்தது.

“இது மரம்டா. மரம் வளரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? வெட்டு! மறுபடி துளிர்க்கும்.”

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். கிளிஃப்டன் கோடரியைத் தாழ்த்தினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“மழை வருது பெரியம்மா. வீட்டுக்குப் போங்க.”

“வீட்டுலதான்டா நிக்கிறேன்!”

அவன் ஜீப்பில் ஏறும் முன்பே, யூடோரா மணியை எடுத்து ஓங்கி அடித்தாள்.