இருட்டுமுன் தட்டிய கதவு

என் கணவர் போனவெஞ்சர் டிண்டியெப்வா மாட்டு உண்ணிக்கு மருந்து விற்பவர். எங்கள் வீடு ம்பராராவில். அவரோ மாதத்தில் முக்கால்வாசி நாள் கசேசே, ஹொய்மா, மசிண்டி என்று பண்ணை பண்ணையாகக் காரில் அலைந்துகொண்டிருப்பார். அலைவதுகூடப் பரவாயில்லை. எந்த ஊரில் இருந்தாலும், எவ்வளவு நேரமானாலும், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு ஓட்டிவரும் வியாதி ஒன்று அவருக்கு இருந்தது.

"சொந்த வீடு இருக்கறவன் அடுத்தவன் கூரைக்கு அடியில படுப்பானா?" என்பார்.

இரண்டு முறை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். ஒரு முறை வாழைத்தோட்டம் தாங்கிக்கொண்டது, மறுமுறை கோரைச் சதுப்பு. அவர் வருகிற ராத்திரிகளில் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணியடித்தால் போலீஸ்காரனோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பேன். விதவையாவதற்கு ஒத்திகை பார்ப்பது போலிருந்தது என் பிழைப்பு. கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வாரம் முழுக்கப் பேசாமல்கூட இருந்தேன். அது அவருக்கு வசதியாகத்தான் போயிற்று.

போன மே மாதம், வேதசாட்சிகள் திருநாளுக்காக எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நமுகோங்கோ திருத்தலத்துக்கு நாள்கணக்கில் நடந்துபோகிற கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தெருமுனைக் கடைக்கே காரில் போகிற ஆசாமி! நான் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்துக்காக நான் தைத்துக்கொண்டிருந்த யூனிபாரம் கோணலாகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கெம்பாபாசி என்கிற நர்ஸ். எங்கள் மகள் நின்சீமா வயதுதான் இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஏதோ ஒரு வீட்டு வாசலில் எல்லோரையும் நிறுத்தினாளாம். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஊர் வந்துவிடும், அங்கே பெரிய கோயில் மண்டபம் இருக்கிறது என்று இவர் அடம்பிடித்திருக்கிறார்.

"பொழுது சாயறப்ப எந்த வாசல் கண்ணுக்குத் தெரியுதோ அதுதான் நம்ம வாசல், பெரியப்பா. வெளிச்சத்துல தட்டினா விருந்தாளி. இருட்டுல தட்டினா நாய அவுத்து விடுவாங்க."

இவர் கோபித்துக்கொண்டு தனியாக நடந்தார். பின்னால் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்து, காலுக்கு வெந்நீரும் வைத்தார்களாம். பெயர் தெரியாதவர்களின் பாயில் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு கொஞ்ச நாள் வீட்டில் ஒரே பாட்டுத்தான்: "தட்டினா திறக்கறாங்க, நின்சீமா அம்மா! நிஜமாவே திறக்கறாங்க!"

அதற்கப்புறம் வேலைப் பயணத்துக்குப் பெரிய பெட்டி போய் ஒரு தோள்பை வந்தது. ஒரு சட்டையை ராத்திரி துவைத்து மறுநாள் மாட்டிக்கொள்வார். நடைப்பயணத்தில் பழகியபடி, மத்தியானம் எந்தப் பண்ணையில் இருந்தாலும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துவிடுவாராம். மாடுகள்கூட விலகிப் போயிருக்கும், அந்த நாற்றத்துக்கு. பொழுது சாய்ந்தால் வண்டியை நிறுத்தி ஏதாவதொரு கதவைத் தட்டுவார், எனக்குப் போன் செய்வார். இந்தப் பக்திக் காய்ச்சல் எத்தனை நாளைக்கு என்று நான் நம்பாமலே இருந்தேன்; போன் வந்த பிறகும் விழித்தேதான் கிடப்பேன்.

நின்சீமாவைக் கட்டிக்கொடுக்கிற சடங்குக்கு முந்தின நாள், கசேசேயில் அவருக்குக் கூட்டுறவுச் சங்கக் கூட்டம் சாயங்காலம்வரை இழுத்துவிட்டது. வீடு நிறைய உறவுக்காரர்கள். வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இருட்டப் போகுது, நின்சீமா அம்மா. மலையேறினதும் ஒரே பனி. வழியில ருபிரிசில ஒரு வாத்தியார் வீட்டுக் கதவத் தட்டிட்டேன். காலைல வந்துடறேன்."

அவருடைய அண்ணன் பகாம்பே என் தோளுக்கு மேலாக எட்டிக் கத்தினார். "ரெண்டு மணி நேர ரோடுய்யா! ஆடுகூட நடந்து வந்துடும்! பொண்ணோட அப்பன் இல்லாத பந்தல்ல நாளைக்கு என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

எத்தனை வருஷமாக எதற்குக் கெஞ்சினேனோ அதைத்தான் அந்த மனுஷன் செய்திருந்தார். ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் நின்னது போதாதா? இன்னிக்குமா? வண்டியக் கிளப்பி வாங்க!"

"வர மாட்டேன்" என்றார். "கஞ்சி ஊத்திட்டாங்க. வை."

வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே போய்ப் படுத்தேன்.

மறுநாள், வழக்கப்படி மத்தியானம் வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டார், எங்கள் போதாத காலம், காலையிலேயே வாசலில் வந்து வரிசை கட்டி நின்றார்கள். பகாம்பே என் கணவரின் நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். நேற்று பனி என்றாரே, காலையில் மட்டும் என்ன வெயிலா அடித்திருக்கும்?

வாசலில் நின்சீமாவின் காலேஜ் தோழி ஒருத்தி, எங்களை முன்பின் அறியாதவள், மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் சட்டையில் சிவப்புப் பூ குத்தி, அவர்கள் பந்தலில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவருக்கும் குத்தினாள். மற்ற ஆண்களைப் போலவே வெள்ளை அங்கி, மேலே கோட்டு, தோளில் மட்டும் ஒரு பை. சமர்த்தாகப் பூவை வாங்கிக்கொண்டு அவர் சம்பந்தி பந்தலில் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஐயா, பொண்ணோட அப்பாவே எங்க பக்கம் வந்துட்டாரு. இனிமே பேச என்ன இருக்கு? பொண்ண ஏத்தி அனுப்புங்க!"

இரண்டு பந்தலும் சிரித்து உருண்டன. "துரோகி! இந்தப் பக்கம் வாடா!" என்று பகாம்பே கத்தினார். கத்தியவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

நான் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் சிவப்பில்லை, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அப்படி விட்டதில்லை.

"ரொம்பத் திட்டினியே. இன்னும் கோவமா?" என்றார்.

"நீங்க ஊருக்கு வர்ற ராத்திரியில நான் என்னிக்காவது கண்ணு மூடியிருக்கேனா?" என்று கேட்டேன். "நேத்து தூங்கிட்டேன். திட்டிட்டிருந்தேன், அப்படியே தூங்கிட்டேன். நின்சீமா வந்துதான் எழுப்பினா."

அத்தனை பேர் பார்க்க, அவர் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணைக் கொடுக்கிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.