தண்ணீரில் முக்கியும் தெளியாத அடை

சனோபரின் வலது கட்டைவிரலில் துணிக்கட்டு. இடது மணிக்கட்டில் காய்ந்த ரத்தம். இரண்டும் அந்தச் சிவப்புப் பெட்டைக்கோழியின் கைங்கரியம். தீவன அறையில் பருத்திமார் விறகுக் கட்டுக்குப் பின்னால் அது அடை படுத்துப் பதினெட்டு நாளாகிறது. அடியில் முட்டை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கிட்டே யார் போனாலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். மற்ற ஏழு கோழிகளும் அதற்குப் பயந்து கண்ட இடத்தில் முட்டையிட ஆரம்பித்துவிட்டன.

மர்கிலான் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவில் யார் வீட்டுக் கோழி சண்டித்தனம் பண்ணினாலும் சனோபரைத்தான் கூப்பிடுவார்கள். தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் மூன்று முக்கு. பிறகு வெறுந்தரையில் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூன்று நாள் கவிழ்த்து வைப்பாள். அடை தெளிந்துவிடும். பட்டுப்புழு வளர்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள், புருஷனை மண்ணுக்குக் கொடுத்தவள், ஒற்றை மகனைக் கட்டட வேலைக்கு ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டு மருமகளோடு வீட்டைக் கட்டிக் காத்தவள். ஐம்பத்தாறு வயது வரை எதற்கும் மலைக்காதவளை இந்தச் சனியன் ஆட்டி வைத்தது. முக்க முக்கச் சொட்டச் சொட்ட வந்து மறுபடி அதே மூலையில் படுத்தது.

"பாவம்மா அது," என்றாள் மருமகள் முஹையோ, திராட்சைப் பந்தலுக்குக் கீழே மாவு பிசைந்துகொண்டே. "ராஹத் அக்கா வீட்ல சேவல் இருக்குல்ல. பதிமூணு முட்டை வாங்கி வெச்சா தானா அடங்கிரும். அவரு வர்றப்ப குஞ்சும் பெருசாகியிருக்கும்."

"குஞ்சும் வேணாம், கிஞ்சும் வேணாம். குளிர்காலத்துல யாரு அதுங்களக் கட்டி மாரடிக்கிறது?"

"ஏன், நான் இல்லையா?"

சனோபர் குனிந்து செருப்பைத் தேடினாள்.

குளிர்காலத்தில் முஹையோ இந்த வீட்டில் இருப்பாளா என்பதுதானே அவள் பயமே. மல்பெரிப் பழம் உதிர்ந்த மாதத்தில் மகன் எல்மூரத் போனில் குரல்செய்தி அனுப்பியிருந்தான். "அம்மா, நாலு பேர் முன்னால மூணு தலாக் சொல்லிட்டேன். இங்க வேற ஒருத்தி இருக்கா. வசந்தத்துல கூட்டிட்டு வர்றேன். முஹையோகிட்ட நீங்களே பதமா எடுத்துச் சொல்லிருங்க." பெற்றவளைத் தபால்காரி ஆக்கிவிட்டான், பாவி! கட்டினவளிடம் நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று செய்தியை அழித்தாள். நாளை அடுத்த வாரமானது, அடுத்த வாரம் ஐந்து மாதமானது. அவனுக்குப் புத்தி வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், முஹையோ போய்விட்டால் அந்த முற்றத்தில் அவளோடு பேச ஈ காக்கை கிடையாது. அதனால் மறைத்தாள். அவளுக்கே அது தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் மருமகள் கையால் டீ வாங்கிக் குடித்தாள்.

அன்று பக்கத்து வீட்டு ராஹத் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன சனோபர் அக்கா, ஊர்க் கோழியெல்லாம் அடக்குறீங்க, வீட்டுக் கோழி உங்களக் கொத்தித் தின்னுது?"

சனோபருக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று தீவன அறைக்குள் நுழைந்து பெட்டையின் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்தாள். அது கழுத்தைத் திருப்பி முழங்கையில் சதையோடு ஒரு கொத்து கொத்தியது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. முற்றத்துக்கு இழுத்து வந்து தூக்கி எறிந்தாள். "போய்த் தொலை! இந்த வீட்ல உனக்கு என்ன வேலை? மூணு தலாக் உனக்கு!"

ராஹத் சிரித்து உருண்டாள். அந்தத் தெருவில் கறக்காத மாட்டையும் நகராத கழுதையையும் அப்படித்தான் திட்டுவார்கள். முஹையோவும் சிரிக்க வாயெடுத்தாள். ஆனால் மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தன்னையே பார்த்தபடி நிற்பதைக் கண்டாள். தப்பு செய்து பிடிபட்டவளின் முகம் அது.

முஹையோ மாவுக் கையோடு எழுந்தாள். ராஹத்தின் தலை வேலிக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"இந்தத் தலாக் வசவ எத்தனையோ தடவை சொல்லிச் சிரிச்சிருக்கீங்க. இந்தக் கோடையில ஒரு தடவைகூடச் சொல்லலியேம்மா, ஏன்?"

"நாக்கு குளறிருச்சுடி..."

முஹையோ உள்ளே போனாள். எல்மூரத் புறப்பட்ட அன்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி சுவரில் மாட்டியிருந்தது, அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும் என்று. மூன்று வருடத்தில் ஓடுபோலக் காய்ந்திருந்த அதை எடுத்து வந்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

"இதுமேல கை வெச்சுச் சொல்லுங்க. அவரு என்னை அப்படிச் சொல்லலைன்னு."

சனோபரின் கை எழுந்தது. ரொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. ரொட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

"எப்போ?"

"மல்பெரி உதிர்றப்ப."

முஹையோ விரல் விட்டு எண்ணினாள். "அப்போ நான் இத்தா இருக்க வேண்டிய மூணு மாசங்கூட எப்பவோ முடிஞ்சுபோச்சு. எனக்கே தெரியாம. நான் அவரு வருவாருன்னு அவரு சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க."

"தப்புதான். என் தலையில மண்ணு விழ! போகாதடி. எனக்கு மகளா இருந்துரு."

"வேற யாராவது வர்றாளா?"

சனோபர் தலையைக் குனிந்தாள். "வசந்தத்துல."

"அப்ப நான் இங்க யாரும்மா? அவளுக்கு டீ ஊத்துறவளா?" அழுகை இல்லை, கோபம்கூட இல்லை, குரல் வறண்டு கிடந்தது. "அண்ணன் வீட்ல ஆறு பேரு ரெண்டு ரூம்ல படுக்குறாங்க. இந்த வார்த்தையோட எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க போய் நிப்பேன்? அண்ணன்கிட்ட போன்ல நீங்களே சொல்லுங்க. மறைச்சவங்க நீங்கதானே."

போனை எடுத்து எண்ணைத் தட்டி மாமியார் கையில் திணித்தாள். சனோபர் அதைக் காதுக்குக் கொண்டுபோனாள். வைத்துவிடலாமா என்று பார்த்தாள். எதிரே மருமகள் அசையாமல் நின்றிருந்தாள்.

"அடடே, சம்பந்தியம்மா!" மறுமுனையில் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். அவன் பருத்தி வயலில் நின்றிருந்தான். பின்னால் டிராக்டர் சத்தம். "என்ன, மாப்பிள்ளை ஊருக்கு வந்தாச்சா?"

சனோபர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "தலாக் சொல்லிட்டான்ப்பா."

"என்னது? கேக்கலியே!"

"தலாக்."

"சத்தமாச் சொல்லுங்க, டிராக்டர் ஓடுது!"

முஹையோவின் முகத்தைப் பார்த்தபடி மூன்றாவது தடவையும் அவள் அதைச் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.