பொங்கல் போன பின்சந்து

மிஸ்ஸி போன வருடம் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். போகும்போது ஒரு நாவலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஏற்கெனவே படித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம்தான். கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதை. முழுக்கதையும் இன்று யாராவது கேட்டால் பாதிதான் சொல்வேன். அதில் வரும் ஒரு பெண் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

மிஸ்ஸி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சிலோன்காரர், அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். நானும் வீட்டுக்காரரும் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பக்கம் தெப்ராவுக்கு வந்த புதிதில் அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது. எல்லாம் ஒரு மங்கு சர்க்கரைப் பொங்கலால் வந்தது.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பொங்கலை எடுத்துக்கொண்டு பின்சந்து வழியாகப் போனேன். மிஸ்ஸி வீட்டு அடுப்படிக் கிரில்லுக்கு வெளியே நின்று, "அக்கா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தான். சொந்தபந்தம், சிநேகிதம் எல்லாம் பின்பக்கமாகத்தான் வரும். முன்வாசலில் வந்து நிற்பது ஆபீஸ் கிராணி, போலீஸ், இல்லாவிட்டால் இழவு சொல்ல வருகிறவர். பக்கத்து வீட்டுக்கு முன்பக்கமாகப் போனால், "என்ன கோவமா?" என்று கேட்பார்கள்.

மிஸ்ஸி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"ஆர் அது? கள்ளர் வாற வழியால ஏன் வாறீங்கள்? முன்னால வந்து பெல் அடியுங்கோ."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முன்னால் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுப்படியில் நின்றபடி அந்தப் பொங்கலை நானே வழித்துத் தின்றேன். "பெரிய படிச்ச பொம்பளை லா," என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். ராத்திரி அழுததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் மிஸ்ஸி வேண்டாத புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். "வாசிக்கிறதெண்டா எடுங்கோ," என்றார் உள்ளேயிருந்து. இருப்பதிலேயே தடிமனான இங்கிலீஷ் புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். படிப்பு ஆசையெல்லாம் இல்லை, வெறும் வீம்பு. எடுத்த வீம்புக்காகவே படித்து முடித்துத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஃபேக்டரி பஸ்ஸில் போகவர, கைபேசியில் அர்த்தம் தேடித் தேடி மூன்று மாதம் படித்தேன்.

அந்தப் பெண் நாவலின் நடுவில் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தீவுச் சமையலைச் செய்து, தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே திரைச்சீலை அசைகிறது. கதவு திறக்கவில்லை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அவ்வளவையும் தானே சாப்பிட்டு முடிக்கிறாள்.

பஸ்ஸில் மூக்கை உறிஞ்சியபடி அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முன்வாசலுக்குப் போய் பெல் அடித்தேன். மிஸ்ஸி கதவைத் திறந்து, கதை எப்படி என்று கேட்டார். மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அந்தத் தட்டக் கொண்டு போனவ நான்தான் மிஸ்ஸி. எங்க பக்கம் வேத்து மனுசங்க வீட்டுக்குத்தான் முன்னாடி வழியா போவாங்க. உங்கள அப்படி நெனைக்கல. அதான் பின்னாடி வந்தேன்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் தனிய இருக்கிறன் பிள்ளை. பின்னால சத்தம் கேட்டால் பயம்."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை மாதம் நான் பொத்தி வைத்திருந்த கோபம் எனக்கே அற்பமாகத் தெரிந்தது. அவருக்கும் பயம் இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கிரில்லை யாரோ விரலால் தட்டினார்கள். பார்த்தால், பின்சந்தில் மிஸ்ஸி. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கோ?"

அவர் வீட்டு முன்னால் என் தலைக்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலை மரம் நிற்கிறது. தாமானில் பாதிப் பேர் அங்கேதான் வந்து ஒடித்துக்கொண்டு போவார்கள். என்னிடம் இருந்தது பழைய பெயிண்ட் டின்னில் வைத்த ஒரு செடி. அதில் நாலே நாலு கொத்து.

கிரில்லைத் திறந்தேன். நாலையும் ஒடித்துக் கொடுத்தேன்.